எதிர்முகத் தெருவின் பச்சைக்கிளி

கோயில் மணி நேரம் சொல்ல, ஆற்றங்கரை மரங்கள் மாதம் சொன்ன நாட்களில், மருதங்கூடல் என்றொரு நகரம் இருந்தது. செங்கமல நாச்சியார் என்னும் அரசி அதை ஆண்டாள். அரசியைப் பற்றிப் பிறகு சொல்லலாம். முதலில் தெருவைச் சொல்ல வேண்டும். தெரு விளங்காதவர்களுக்குக் கதையும் விளங்காது.

கோயிலின் கீழவாசலில் தொடங்கி ஆற்றுத் துறை வரை வளையாமல் ஓடியது அந்தத் தெரு. வடக்குச் சிறகில் பதினைந்து பட்டறைகள்; தெற்குச் சிறகில் பதினைந்து பட்டறைகள். குடை கட்டுபவர், மணி வார்ப்பவர், மத்தளம் கட்டுபவர், சங்கை அறுத்து வளையல் செய்பவர் என்று முப்பது குடும்பங்கள் அங்கே தொழில் செய்தன. ஒவ்வொரு பட்டறையும் மற்றொரு பட்டறையை நேருக்கு நேர் பார்த்தபடி இருந்ததால் அதற்கு எதிர்முகத் தெரு என்று பெயர்.

அதன் அழகை என்னவென்று சொல்வது! ஒவ்வொரு பட்டறைக்கும் கதவின் மேலே அகன்ற மரநெற்றி, இருபுறமும் தூண்கள், கீழே மடக்குப் பலகைகள். அவற்றில் ஒரு விரற்கடை இடமும் வெறுமையாக இராது. அவுரி நீலத்தில் ஒரு யானை. காவிச் சிவப்பில் ஒரு மான். மஞ்சளில் ஒரு வாழைக்குலை. காலை வெயில் ஆற்றுப் பக்கமிருந்து அவற்றின் மேல் படரும்; மாலை வெயில் கோயில் பக்கமிருந்து படரும். அந்தத் தெருவில் கைவீசி நடந்த குழந்தைகள், தலை நரைத்த பின்னும் கண்ணை மூடினால், எந்தப் பட்டறையில் எந்தப் பறவை இருந்தது என்று வரிசை பிசகாமல் சொல்வார்களாம்.

அந்த வண்ணங்களுக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழை முகப்புகளைக் கழுவிவிடும். மார்கழியின் கடைசி மூன்று நாட்களில் தெரு முழுவதும் புது வண்ணம் பூசிக்கொள்ளும். ஆனால் எவரும் தம் முகப்பைத் தாம் தீட்டுவதில்லை. எதிர்ப் பட்டறைக்காரரே தீட்ட வேண்டும். எதிர்க்கை என்று அதற்குப் பெயர். அந்த மூன்று நாட்களும் பட்டறைக்கு உரியவர் புழக்கடை வழியாகவே வந்துபோவார். தம் வாசலை ஏறிட்டும் பார்க்க மாட்டார். தை முதல் நாள் காலையில் எதிர்ப் பட்டறைக்காரர் வந்து, கையைப் பிடித்து, தெருவின் நடுவே நிறுத்தி, “இதோ உம் முகம்” என்று காட்டுவார்.

ஏன் இப்படி? பட்டறைக்குள் அமர்ந்து வேலை செய்பவன் தன் முகப்பைக் காண்பதில்லை. நாள் முழுவதும் அதைக் காண்பவன் எதிரே இருப்பவன். யார் கண்ணுக்கு விருந்தோ, அவர் கையே அதைச் சமைக்கட்டும் என்றார்கள் முன்னோர்.

அதில் வேடிக்கையும் உண்டு. ஒருமுறை குடைக்காரர் நாகலிங்கம், எதிரில் இருந்த மத்தளக்காரரின் முகப்பில் ஒரு மத்தளத்தை வரைந்து, அதற்கு மத்தளக்காரரின் முறுக்கு மீசையையும் வைத்துவிட்டார். தெரு மூன்று நாள் சிரித்தது. மறு வருடம் மத்தளக்காரர், குடைக்காரரின் முகப்பில் கிழிந்த குடை ஒன்றையும் அதன் கீழ் நனைந்து நிற்கும் நாகலிங்கத்தையும் வரைந்தார். தெரு மீண்டும் சிரித்தது.

இனித் திருமேனியின் கதைக்கு வருவோம்.

தெற்குச் சிறகில் ஆறாவது பட்டறை திருமேனியுடையது. அவர் தேருக்குத் தொம்பை தைப்பவர். தேரின் மூலைகளில் உருளை உருளையாகத் தொங்கி, தேர் அசையும்போது தாமும் அசைந்தாடும் வண்ணத் துணிகளே தொம்பைகள். மருதங்கூடலின் பெரிய தேருக்குத் தொம்பை தைத்தவர் திருமேனியின் தந்தை. ஐந்து வயதுத் திருமேனி தந்தையின் தோளில் அமர்ந்து அவை ஆடுவதைக் கண்டார். பிறகு அந்தத் தேரைக் கரையான் அரித்தது. ஐம்பது வயது வரையில் திருமேனி சிற்றூர்க் கோயில்களின் சிறு தேர்களுக்கே தைத்துவந்தார். பெரிய தேரில் தம் கைத்துணி ஆடுவதை ஒருமுறையேனும் கண்ணாரக் காண வேண்டும் என்பதே அவருடைய ஆசை.

அவருக்கு எதிரே, வடக்குச் சிறகில், வடிவம்மையின் கடைசல் பட்டறை இருந்தது. மரத்தைக் கடைந்து, அரக்கு வண்ணம் ஏற்றி, குழந்தைகளுக்குச் சொப்புச் சாமான் செய்வாள். விரல் அளவு அடுப்பு, விளாங்காய் அளவு பானை, கொட்டைப்பாக்கு அளவு குடம். திருமேனியை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை வடிவு என்பார். இருபது வருடங்களாக அவர் முகப்பை அவள் தீட்டினாள்; அவள் முகப்பை அவர் தீட்டினார்.

அந்த ஆண்டு மார்கழியில் அரண்மனைப் பறை முழங்கியது.

“பங்குனியில் புதுத் தேர் ஓடும்! தை முதல் நாள் அரசியார் எதிர்முகத் தெருவுக்கு வருவார்! முகப்புகளைப் பார்த்து, தேர்ப்பணிக்குத் தலைமை தாங்கத் தக்கவரைத் தேர்ந்தெடுப்பார்! எந்த வேலையை யார் செய்வது என்பது அந்தத் தலைவரின் சொல்!”

திருமேனியின் கை ஊசியோடு நின்றுவிட்டது. காத்திருந்த காலம் வந்துவிட்டது, சிறந்த முகப்பு எந்தப் பட்டறையுடையதோ அந்தப் பட்டறைக்காரருக்கே தலைமை என்று மகிழ்ந்தார். மகிழ்ச்சியின் பின்னாலேயே மூன்று எண்ணங்கள், ஒன்றன் வாலை ஒன்று பிடித்தபடி வந்தன.

வடிவின் முகப்பை நான் அழகாகத் தீட்டினால் அவள் அல்லவா வெல்வாள்? இது முதல் எண்ணம்.

என் முகப்பை அவள் ஏனோதானோவென்று தீட்டினால் நான் அல்லவா தோற்பேன்? இது இரண்டாம் எண்ணம்.

நான் இப்படி நினைக்கும்போது அவள் மட்டும் நினைக்காமல் இருப்பாளா? இது மூன்றாம் எண்ணம். மூன்றிலும் கொடியது இதுதான். ஏனெனில் தம் மனத்தின் அழுக்கை எடுத்து அவள் மனத்தில் பூசியது இது.

மறுநாள் காலையில் தெருவைக் கடந்து போனார்.

“வடிவு, இந்த வருடம் என் முகப்பை நானே தீட்டிக்கொள்கிறேன்.”

“ஏன் அண்ணாச்சி, போன வருடத்துத் தாமரை கோணிக்கொண்டதா?”

“அதெல்லாம் இல்லை. உனக்கு எதற்குச் சிரமம் என்று பார்த்தேன்.”

“இருபது வருடமாக இல்லாத சிரமம் இந்த மார்கழியிலா முளைத்தது?”

திருமேனி தரையைப் பார்த்தார். “உன் முகப்பை நீயே தீட்டிக்கொள். இருவருக்கும் நல்லது.”

வடிவம்மை கடைசல் உளியைக் கீழே வைத்தாள். “என் முகப்பை நான் எப்படித் தீட்டுவது? அதை நான் ஒழுங்காகப் பார்ப்பதே வருடத்துக்கு ஒரு காலைதான். அது உங்கள் கண்ணுக்கு உரிய இடம். தீட்டினால் நீங்கள் தீட்டுங்கள். இல்லையென்றால் அப்படியே கிடக்கட்டும்.”

அவர் முகப்புக்கென்று அவள் முன்னமே பச்சை வண்ணம் குழைத்து வைத்திருந்தாள். அந்தக் கிண்ணத்தை இலையால் மூடி ஓரமாக வைத்தாள். 

திருமேனி ஏணியைத் தம் வாசலிலேயே சாத்தினார். பழைய வண்ணத்தைச் சுரண்டினார். மழை தின்ற தாமரைகள் உதிர்ந்தன. மரநெற்றியின் இடக்கோடியில் எலுமிச்சை அளவில் ஒரு பச்சைக்கிளி மட்டும் மழைக்குத் தப்பி இருந்தது. அதைக் கண்டதும் சுரண்டிய கை தயங்கியது.

அவருடைய மனைவி பூரணி வளர்த்த கிளி அது. பூரணி வாசலில் அமர்ந்து நூல் கோப்பாள்; கூண்டிலிருந்து கிளி, “வடிவு! வடிவு!” என்று எதிர் வாசலைப் பார்த்துக் கூப்பிடும். பூரணி கண்மூடி மூன்று வருடங்கள் ஆகின்றன. அவள் போன பிறகு இரை எடுக்காமல் அந்தக் கிளியும் போயிற்று. அந்த வருடத்துத் தையிலிருந்து வடிவம்மை அதை ஆண்டுதோறும் முகப்பில் எழுதிவந்தாள். முதன்முதல் கண்ட அன்று திருமேனி, “பூரணியின் கிளி!” என்றார். பிறகு உள்ளே போய் அமர்ந்தவர் அதை மறந்துபோனார்.

‘அரசியின் கண்ணுக்கு இந்தச் சிறு கிளி எங்கே தெரியப்போகிறது?’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு சுரண்டினார். கிளி இருந்த இடத்தின் மேல் பொன்வண்ணத்தில் அன்னம் ஒன்று எழுந்தது. அதற்கு இணையாக மற்றொன்றும் எழுந்தது.

குடைக்காரர் நாகலிங்கம் அந்த வழியே வந்தார். “என்ன திருமேனி, உன் ஏணிக்கு எதிர் வாசலுக்கு வழி மறந்துபோனதா?” என்று கேலி பேசினார். கேலி பேசிய வாயோடு வீட்டுக்குப் போய், தம் ஏணியையும் தம் வாசலிலேயே சாத்தினார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? முதல் நாள் மூன்று ஏணிகள் இடம் மாறின. இரண்டாம் நாள் பதின்மூன்று ஏணிகள் மாறின. மூன்றாம் நாள் வடிவம்மையின் ஏணி தவிர, தெருவில் மாறாத ஏணியே இல்லை. தாம் எழுதுவதை மற்றவர் பார்த்துவிடக் கூடாதென்று வாசல் தோறும் பாய்கள் தொங்கின. மத்தளக்காரர் யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. ஒருவர் கிண்ணத்தில் இருக்கும் நீலத்தை மற்றவர் எட்டிப் பார்த்தால்கூடச் சண்டை வந்தது.

வடிவம்மையின் முகப்பு மட்டும் உரிந்து வெளுத்துக் கிடந்தது. போன தையில் திருமேனி தீட்டிய மாந்தளிர்த் தோரணத்தில், இங்கொரு இலையும் அங்கொரு காம்புமே மிஞ்சின. தம் ஆசனத்திலிருந்து தலை நிமிரும்போதெல்லாம் அது திருமேனியின் கண்ணில் விழுந்தது. முதல் நாள் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இரண்டாம் நாள் ஆசனத்தைத் திருப்பிப் போட்டார். மூன்றாம் நாள் தம் வாசலின் உட்புறத்தில் ஒரு பாயைத் தொங்கவிட்டுக்கொண்டார்.

தை பிறந்தது. அன்று எவரும் எவர் கையையும் பிடித்து அழைத்துச் செல்லவில்லை. அவரவர் வாசலை அவரவரே நின்று பார்த்துக்கொண்டார்கள்.

அரசி பல்லக்கைக் கீழவாசலில் நிறுத்திவிட்டு நடந்து வந்தாள். முகப்புகள் மின்னின. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தவள், குடைக்காரரின் பட்டறைக்குள் நுழைந்து, வாசலுக்கு முதுகு காட்டி அவரை அமரச் சொன்னாள்.

“நாகலிங்கம், உன் முகப்பில் என்ன இருக்கிறது?”

நாகலிங்கம் மடை திறந்தார். மயில்கள் எத்தனை, தோகைக் கண்கள் எத்தனை என்று ஒன்று விடாமல் அடுக்கினார்.

“நன்று. திரும்பாமல் சொல். உன் எதிர் முகப்பில் என்ன இருக்கிறது?”

“எதிரிலா?” நாகலிங்கம் விழித்தார். “எதிரில் மத்தளக்காரர் பட்டறைதான் இருக்கிறது, தாயே.”

கூட்டம் சிரித்தது. அரசி சிரிக்கவில்லை. மணி வார்ப்பவரின் பட்டறைக்குப் போனாள். அவரும் தம் முகப்பைப் பற்றி விரிவாகப் பேசினார். எதிர் முகப்பைக் கேட்டபோது தலையைச் சொறிந்தார். “சிவப்பாக ஏதோ இருக்கும், தாயே. மான் என்று நினைக்கிறேன். யானையாக இருந்தாலும் இருக்கலாம்.”

மூன்றாவதாகத் திருமேனியின் பட்டறைக்கு வந்தாள். பொன் அன்னங்களை அண்ணாந்து பார்த்து, “தெருவில் இதைவிட ஒளிரும் முகப்பு இல்லை” என்றாள். பிறகு உள்ளே வந்து கேட்டாள்.

“எதிர் முகப்பில் என்ன இருக்கிறது?”

“போன தையில் நான் எழுதிய மாந்தளிர்த் தோரணம், தாயே. உரிந்து கிடக்கிறது.”

“கேட்ட மூவரில் நீ ஒருவன்தான் அறிந்து சொன்னாய். பிறகு இந்தப் பாய் எதற்கு?”

திருமேனியால் பொய் சொல்ல முடியவில்லை. “பார்க்கப் பொறுக்கவில்லை” என்றார்.

அரசி பாயை விலக்கினாள். வெளுத்த பலகைகளைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தெருவைக் கடந்து வடிவம்மையிடம் போனாள். கூட்டமும் போனது. திருமேனியும் பின்னால் போய் நின்றார்.

“உன் முகப்பில் என்ன இருக்கிறது, அம்மா?”

“அது எனக்குத் தெரியாது, தாயே. போன தையில் மாந்தளிர் இருந்தது. மழை எவ்வளவு மிச்சம் வைத்ததோ!”

“எதிர் முகப்பில்?”

வடிவம்மை வாசலுக்கு முதுகு காட்டியபடியே சொன்னாள். “மரநெற்றியில் பொன் அன்னங்கள் இரண்டு. இடப்பக்கத்து அன்னத்துக்குக் கழுத்து கொஞ்சம் நீளம். ஒரு தூணில் நாற்பத்து மூன்று முத்துகள். மறு தூணில் நாற்பத்திரண்டு. அண்ணாச்சிக்குக் கடைசியில் இடம் போதவில்லை.”

கூட்டம் திரும்பி எண்ணிப் பார்த்தது. அவள் சொன்னது சரியாக இருந்தது.

“அன்னம் இருக்கும் இடத்தில் அதற்கு முன் என்ன இருந்தது?”

 வடிவம்மை மெல்லச் சொன்னாள். “ஒரு கிளி இருந்தது, தாயே. அண்ணாச்சி வீட்டுப் பூரணி அண்ணியின் கிளி. காலையில் நான் கடைசலில் உட்கார்ந்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். அண்ணி போன பிறகு அந்த வாசலை வெறுமையாகப் பார்க்க என்னால் முடியவில்லை. அதனால் தை தோறும் புதிதாக எழுதிவைத்தேன். அது என் கண்ணுக்காக எழுதியது. அவரைக் குறை சொல்ல எனக்கு நியாயமில்லை.”

 திருமேனி தம் கையைப் பார்த்தார். நகக்கண்களில் பொன்வண்ணம் ஒட்டியிருந்தது.

அரசி பேசினாள். “இருபத்தொன்பது முகப்புகள் மின்னுகின்றன. வண்ணம் தீட்டத் தெரிந்த கைகள் எனக்குக் கிடைத்துவிட்டன. எதிரில் இருப்பதைக் காணும் ஒரு கண்ணைத்தான் நான் தேடி வந்தேன். தேர் என்பது என்ன? உள்ளே அமர்ந்த தெய்வம் தேரைக் காண்பதில்லை. மேலே நிற்கும் அர்ச்சகர் காண்பதில்லை. முன்னே வடம் இழுப்பவனும் காண்பதில்லை. தெருவில் நிற்பவர்கள்தாம் காண்கிறார்கள். பிறர் கண்ணுக்காக உழைக்கத் தெரிந்தவரே தேர்ப்பணிக்குத் தலைமை தாங்க வேண்டும். வடிவம்மை தலைமை ஏற்கட்டும்.”

சொல்லிவிட்டு அரசி போனாள். கூட்டமும் கலைந்தது.

திருமேனி பட்டறைக்குள் போனார். பாயை அவிழ்த்துச் சுருட்டினார். ஏணியையும் வண்ணக் கிண்ணங்களையும் எடுத்துக்கொண்டு, எதிர் வாசலுக்கு வந்து, உரிந்த பலகைகளைச் சுரண்டத் தொடங்கினார்.

“பொங்கல் நாளில் வேலையா, அண்ணாச்சி?” என்று உள்ளிருந்து குரல் வந்தது.

“இது மார்கழி வேலை, வடிவு. மூன்று நாள் பிந்திவிட்டது. நீ புழக்கடை வழியாகப் போ.”

அவள் அப்படியே செய்தாள். மூன்று நாட்கள் அவர் தீட்டினார். தேரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையைத் தாமே சுரண்டிப் போட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் அவள் கையைப் பிடித்துத் தெருவின் நடுவே நிறுத்தி, “இதோ உன் முகம்” என்றார்.

பொன்வண்ணம் துளியும் இல்லை. சிவப்பு அடுப்பின் மேல் மஞ்சள் பானை. நீலக் குடத்தின் பக்கத்தில் பச்சை அகப்பை. அம்மி, ஆட்டுக்கல், முறம். அவள் கைகள் இருபது வருடங்கள் கடைந்த சொப்புகளெல்லாம் கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டவை போல வரிசையாக நின்றன. வடிவம்மை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி, தேரின் தொம்பைகளை நீங்கள்தான் தைக்க வேண்டும்.”

திருமேனி கை குவித்தார்.

“ஒரு நிபந்தனை உண்டு. தேரோட்டத்தன்று நீங்கள் முன்வடம் பிடிக்க வேண்டும்.”

“முன்வடம் பிடித்தால் தேரைப் பார்க்க முடியாதே, வடிவு. திரும்பினால் காலில் அல்லவா ஏறும்?”

“ஆமாம் அண்ணாச்சி. பார்க்க முடியாது.”

 ஐந்து வயதில் தந்தையின் தோளிலிருந்து கண்ட தொம்பைகள் அவர் கண்முன் ஆடி அடங்கின. “சரி” என்றார்.

பங்குனி வந்தது. தேர் நிலையை விட்டு அசைந்தது. திருமேனி முன்வடத்தைப் பிடித்து, முன்னே பார்த்தபடி இழுத்தார். பின்னால் தொம்பைகள் ஆடும் சரசரப்பு காதில் விழுந்தது; ஆனால் அவர் திரும்பவில்லை. எதிர்முகத் தெருவுக்குள் தேர் நுழைந்தபோது, இரு சிறகிலும் நின்றவர்களின் முகங்களைப் பார்த்தார். நாகலிங்கம் வாய் பிளந்து நின்றார். மத்தளக்காரரின் மீசைக்குக் கீழே பழைய சிரிப்பு மீண்டிருந்தது. கைக்குழந்தைகள் அண்ணாந்து கைகொட்டின. ஒவ்வொரு முகத்திலும் தேர் தெரிந்தது. ஆயிரம் முகங்களில் ஆயிரம் தேர்களைத் திருமேனி கண்டார்.

தேர் கடந்த பிறகு, பின்புறத்தைப் பார்த்து நின்ற ஒரு சிறுமி கத்தினாள். “கிளி! அங்கே பாருங்கள், ஒரு பச்சைக்கிளி!”

கடைசித் தொம்பையின் அடியில், தேருக்குப் பின்னால் நடப்பவர்கள் மட்டும் காணும் இடத்தில், எலுமிச்சை அளவில் திருமேனி அதைத் தைத்திருந்தார். பின்னால் நடந்தவர்களில் வடிவம்மையும் ஒருத்தி.

அடுத்த மார்கழியில் எதிர்முகத் தெருவின் ஏணிகள் எல்லாம் தெருவைக் கடந்தன. தை முதல் நாள் வடிவம்மை திருமேனியின் கையைப் பிடித்து அழைத்துவந்து, “இதோ உங்கள் முகம்” என்றாள். மரநெற்றியின் இடக்கோடியில் கிளி இருந்தது. திருமேனி அன்று காலை முழுவதும் அங்கேயே நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் ஊசியை எடுத்தார்.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுவே: எதிரே இருப்பவரின் வாசலை அழகு செய்பவனுக்கே தன் வாசலும் அழகாகும்.